அப்பாவின் பெயரில் வந்த சீனி

சித்தப்பா பாரிசுக்கு வந்து இரண்டு வருடம் ஆவதற்குள் அவருடைய வாய் நாறத் தொடங்கிவிட்டது. மரியாதைக் குறைவாக இதைச் சொல்லவில்லை. ஒன்றரை அறையில் நாலு பேர் இருந்தால் ஒருவருடைய வாய் எல்லோருடைய விஷயமும் ஆகிவிடும். அம்மா தை மாதக் குளிரில் சன்னலைத் திறந்து வைப்பார். கேட்டால் பொரியல் புகை போகட்டும் என்பார். அன்றைக்கு வீட்டில் பொரியலே இருந்திருக்காது. சித்தப்பாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு பேசப் பழகினார். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற பெருந்தெருவிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், ஐந்தாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் இல்லை. அப்பா ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவினார். அம்மா அலுவலகங்கள் திறக்கும் முன்பும் பூட்டிய பின்பும் தரை துடைத்தார். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. இலங்கையில் சண்டை முடிந்த அடுத்த வருடம், காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரர் மூலம் வந்து சேர்ந்தவர். அவருடைய அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடும் தோற்றுப்போனது. காகிதம் எதுவும் இல்லாத ஆள். காலையில் ஒரு தமிழ் மரக்கறிக் கடைக்குப் பெட்டி இறக்கிவிட்டு, மதியம் வந்து எங்கள் மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவில் மெத்தையை விரித்துப் படுப்பார்.

அவருடைய தலையணை உறையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அம்மா அதை மட்டும் தனியாக ஊறவைப்பார். பல் முரசு என்று எங்கள் வீட்டில் சொல்லும் ஈறு, அவருக்கு வீங்கிக் கறுத்துப் பல்லை விட்டு விலகி நின்றது. அப்பிள் கடித்தால் கடித்த இடத்தில் இரத்தம் ஒட்டியிருக்கும். அம்மா உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னார். கராம்பை இடித்து வைக்கச் சொன்னார். அப்பாவிடம் கேட்டால், ஊரில் கரியால் தீட்டியவனுக்குப் பாரிஸ் பற்பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் எல்லோருக்கும் களைப்பு. ஒருவர் களைப்பை இன்னொருவர் கேட்பதற்கு நேரமில்லாத களைப்பு.

அதே காலத்தில் சித்தப்பா நிறையத் தண்ணீர் குடித்தார். குழாயில் வாயை வைத்து, மாடு குடிப்பதுபோல. இடுப்புப் பட்டியில் கத்தியால் புதுத் துளை போட்டார். மூன்று மாதத்தில் இன்னொன்று போட்டார். பெட்டி தூக்கினால் உடம்பு இறுகும்தானே என்று அம்மாவும் நானும் அதை நல்ல விஷயமாகவே எடுத்துக்கொண்டோம்.

கீழ் வரிசையில் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கிய பிறகுதான் அவர் பயந்தார். ஒரு புதன்கிழமை. புதன்கிழமைகளில் அப்போது பள்ளிக்கூடம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் வேலையில். சித்தப்பா அலுமாரியைத் திறந்து, காகிதங்கள் வைக்கும் பிஸ்கட் தகரத்தை எடுத்து, அதிலிருந்து அப்பாவின் கார்த் வித்தாலை உருவினார். பச்சை நிற மருத்துவ அட்டை. அதை நீட்டினால் வைத்தியம் ஏறக்குறைய இலவசம். புதிய அட்டைகளில் ஆளின் படம் இருக்கும். அப்பாவுடையது பழையது, படமில்லாதது. சகோதரர்கள் இருவருக்கும் முகச்சாயல் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று.

"பிள்ளை, நீ பிரெஞ்சிலை கதைச்சால் காணும். நான் வாயைத் திறப்பன், வேறை ஒண்டும் செய்யமாட்டன்" என்றார்.

அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்றும் சொன்னார். அப்பா அந்த வருடம் பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். மெட்ரோவில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால்கூட பைல் பழுதாகிவிடும் என்று எங்களை எச்சரித்துக்கொண்டேயிருப்பார். அம்மாவின் தங்கை ஏதோ ஒரு பார்சலை எங்கள் விலாசத்துக்கு அனுப்பியதற்கே ஒரு கிழமை சத்தம் போட்டவர். தன் அட்டையைத் தம்பி கொண்டுபோனார் என்று அறிந்தால் என்ன செய்வார் என்பதை நினைக்கவே முடியவில்லை.

படி இறங்கும்போது சித்தப்பா அப்பாவின் பிறந்த திகதியை மனப்பாடம் செய்தார். அது சிரமமில்லை. அப்பா வந்தபோது பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் தை முதலாம் திகதி, அதாவது ஜனவரி ஒன்று, என்று எழுதிவிட்டார்கள். வருடம் மட்டும் பிழைக்காமல் இருந்தால் போதும்.

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தின் பக்கம் இருந்த பல் வைத்தியசாலைக்குத்தான் போனோம். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அப்பாவோடு முன்பு போயிருந்தேன். அதே இடத்துக்குப் போவது புத்தியில்லாத வேலை என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மேலே மெட்ரோ ஓடும் இரும்புப் பாலத்துக்கு அடியில் நடந்து போனோம். வரவேற்பில் இருந்த பெண் அட்டையை இயந்திரத்தில் செருகினாள், திருப்பித் தந்தாள், உட்காரச் சொன்னாள். சித்தப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெளியே உறைபனி.

அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சித்தப்பா, பல் தீட்டும் முயலின் படம் ஒன்றைச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை நான் விலாவில் இடித்தேன். எழும்பி, "ஓம், ஓம், நான்தான்" என்று அந்த மண்டபம் முழுவதற்கும் தமிழில் அறிவித்தார்.

வைத்தியர் வயதான பெண். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சித்தப்பாவின் வாயைப் பார்த்தார். பிறகு கணினித் திரையைப் பார்த்தார். திரும்பவும் வாயைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, உன் அப்பாவின் கடைவாய்ப் பல்லை நான்தான் இரண்டு வருடத்துக்கு முன் பிடுங்கினேன், இப்போது அது இருக்கிறதே என்றார்.

சித்தப்பா வாயைத் திறந்தபடியே கண்களை மட்டும் என் பக்கம் உருட்டினார்.

எங்கள் நாட்டில் சில ஆட்களுக்குப் பல் திரும்ப முளைக்கும் என்று சொன்னேன்.

இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது அது எனக்கு நல்ல பதிலாகத் தெரிந்தது. வைத்தியர் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. திரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு வேலையைத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் உன் அப்பா என்று ஒருமுறையும் சொல்லவில்லை. இந்த மனிதர் என்றே சொன்னார். நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

மெல்லிய கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் குத்தி அளந்து, உதவியாளுக்கு இலக்கம் சொன்னார். நாலு. ஆறு. ஏழு. எட்டு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பத்துக்குத்தான் புள்ளி. எனக்கு எட்டு வந்தால் அம்மா கடையில் இருப்பவர்களுக்கெல்லாம் சொல்லுவார். நான் சித்தப்பாவின் காதருகே போய், "எட்டு எடுத்திட்டீங்கள்" என்று சொன்னேன். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். முரசு பல்லை விட்டு எவ்வளவு ஆழத்துக்குக் கழன்றிருக்கிறது என்பதற்கான மில்லிமீட்டர் கணக்கு அது என்பதை வெகு காலம் கழித்தே அறிந்தேன்.

பிறகு வைத்தியர் கேள்வி கேட்கத் தொடங்கினார். தாகம் அதிகமா? அடிக்கடி சலம் போகிறதா? உடம்பு மெலிந்ததா? காலில் புண் வந்தால் ஆறத் தாமதிக்கிறதா? நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். சலத்தைப் பற்றிய கேள்வியை மட்டும் சுவரைப் பார்த்தபடி சொன்னேன்.

"பல்லைக் காட்ட வந்தால் இவ ஏன் பிள்ளை மூத்திரத்தைக் கேக்கிறா?"

"தெரியாது. கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லு. எல்லாத்துக்கும் இல்லையெண்டு சொல்லு. ஒண்டுக்கு ஓமெண்டால் அதிலையிருந்து பத்துக் கேள்வி கிளம்பும். எனக்கு இந்த விளையாட்டுத் தெரியும்."

அவருக்கு அது உண்மையிலேயே தெரிந்ததுதான். அகதி விசாரணையில் கேட்டதற்கெல்லாம் விபரமாகப் பதில் சொன்னார். எந்தப் பாதையால் போனீர்கள், எத்தனை மணிக்கு, அப்போது மழை பெய்ததா என்று கேட்டார்களாம். இரண்டாம் முறை கேட்டபோது மழையைப் பற்றிய பதில் மாறிவிட்டது. அதோடு ஆள் பொய் சொல்கிறார் என்று எழுதிவிட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வெள்ளைக்காரர் கேட்டால், குறைவாகச் சொன்னவன் தப்புவான். லாச்சப்பலில் அவரோடு பெட்டி இறக்கியவர்கள் எல்லோரும் அதே பாடத்தைத்தான் படித்திருந்தார்கள்.

நான் எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னேன். வைத்தியர் எழுதிக்கொள்ளவில்லை. கதிரையை என் பக்கமாக இழுத்துப்போட்டு மெதுவாகப் பேசினார். இவ்வளவு இளம் வயதில் முரசு இப்படி அழுகுவது பல் தீட்டாததால் மட்டும் வருவதல்ல என்றார். இரத்தத்தில் சீனி கூடினால் முரசு தாக்குப்பிடிக்காது. முரசில் சீழ் இருந்தால் அது சீனியை இறங்கவும் விடாது. ஒன்று மற்றதை மோசமாக்கும். தன் வாயைத் தொட்டுக் காட்டினார், நெஞ்சைத் தொட்டார், குனிந்து கால் விரலைக் காட்டினார். வாயை இப்படியே விட்டால் போகப்போக அங்கெல்லாம் கெடுதி வரலாம் என்றார். இதை இந்த மனிதருக்கு ஒரு சொல் விடாமல் சொல்லு, நாலு தடவை வந்து துப்புரவாக்க வேண்டும், அதற்கு முன் நாளைக்கே இரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார்.

"பல்லை வடிவாத் தீட்டட்டாம். இரத்தம் சோதிக்கட்டாம்" என்றேன் நான்.

மிச்சத்தை விட்டுவிட்டேன். நீளமாக இருந்தது, எனக்குப் பசித்தது. பெரியவர்களுக்காக ஒவ்வொரு வரிசையிலும் நின்று மொழிபெயர்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். பத்து வசனத்தை இரண்டாக்கிவிடுவோம். வாடகைக் கடிதம், மின்சாரக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் நான் அப்படித்தான் சுருக்கினேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் அது எனக்குத் திறமையாகத் தெரிந்தது.

மறுநாள் வேலைக்கு அரை மணி நேரம் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு சித்தப்பா தனியாகப் போய் இரத்தம் கொடுத்தார். கையை நீட்டுவதற்குப் பிரெஞ்சு தேவையில்லை. அன்று மாலையே அட்டை தகரத்துக்குத் திரும்பிவிட்டது.

சோதனைச்சாலைக்குப் போன அட்டையில் எங்கள் விலாசமும் அப்பாவின் பெயரும் இருந்தன என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கடிதம் சனிக்கிழமை வந்தது. எல்லோரும் வீட்டில். அம்மா உறையைப் பிரித்து என்னிடம் தந்தார். இலக்கங்கள் நிறைய இருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, தடித்த எழுத்தில், தாமதிக்காமல் உங்கள் வைத்தியரைப் பாருங்கள் என்று இருந்தது. சீனி என்பதற்கான சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

"அப்பாவுக்குச் சீனியாம். நிறையவாம்" என்றேன்.

அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கொஞ்சம் யோசித்தார். நான் எந்த இரத்தமும் கொடுக்கவில்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்து நான் மேசைக்கு அடியில் கால் விரல்களை மடக்கிக்கொண்டு இருந்தேன். ஆனால் அந்த மாதம் வேலை இடத்து வைத்தியர் அவரைப் பார்த்து, விரலில் குத்தி ஏதோ எடுத்திருந்தார். அதுதான் இதாக்கும் என்றார் அப்பா. களைப்புக்கு ஒரு பெயர் கிடைத்ததில் அவருக்குச் சின்ன நிம்மதிகூட இருந்ததுபோலத் தெரிந்தது.

சித்தப்பாவின் கையில் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி இருந்தது. குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

பிறகு படியில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: "அது அப்பாவின்ர பேரிலைதானே வந்தது. அப்பாவுக்குத்தான் அந்த வருத்தம். நீ ஒண்டும் கதைச்சுப்போடாதை. அண்ணையின்ர பைல் போயிடும்."

நான் நம்பினேன். முட்டாள்தனமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் வீட்டில் காகிதம் சொன்னதே நடந்தது. அப்பா புரட்டாதியில் பிறந்தவர். காகிதம் தை என்றதால் தை மாதத்தில் வேலை இடத்தில் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். அம்மா அந்த எழுத்தில்லாமலே கையெழுத்து வைக்கப் பழகினார். சித்தப்பாவிடம் காகிதம் இல்லை, அதனால் அவர் இந்த நாட்டில் இல்லை. அப்படியிருக்க, அப்பாவின் பெயரில் வந்த நோய் அப்பாவுடையதாக இருப்பதில் என்ன புதினம்? இரத்தம் யாருடைய கையிலிருந்து போனது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

அம்மா மறுநாளே வீட்டைத் தலைகீழாக்கினார். அப்பாவின் தேத்தண்ணியில் சீனி நின்றது. சோறு பாதியானது. குரக்கன் பிட்டு வந்தது. பாகற்காயை அரைத்து வடித்து ஒரு கோப்பை, காலையில் வெறும் வயிற்றில். அப்பா அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி குடிப்பார். மீதியை நான் குடிக்கிறேன் அண்ணை, வீணாகப் போகக்கூடாது என்று சித்தப்பா வாங்கிக் குடிப்பார். தம்பிக்கு அண்ணன் மீது என்ன பாசம் என்று அம்மா பக்கத்து வீட்டு அன்ரியிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆனால் பாகற்காய் ஒரு பக்கம் என்றால் மறுபக்கம் பெரிது. அப்பாவுக்கு மறுக்கப்பட்ட இனிப்பெல்லாம் போவதற்கு ஓர் இடம் வேண்டும். கோயில் மோதகம், பிறந்தநாள் கேக், அம்மாவின் வேலை இடத்தில் மிஞ்சிய பிஸ்கட். அம்மா அதைக் கோப்பையில் வைத்துச் சித்தப்பாவிடம் நீட்டுவார்.

"சாப்பிடும் தம்பி. உமக்கென்ன, வருத்தமே? உங்கட அண்ணை பாத்து ஏங்கப்போறார், கெதியா முடியும்."

முதலில் பல் நோகிறது என்று தட்டிக்கழித்தார். அம்மாவின் முகம் மாறிவிட்டது; தன் கையால் கொடுப்பதை வேண்டாம் என்கிறாரோ என்று. அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. ஆடாத பல் இருக்கும் பக்கமாக ஒதுக்கி வைத்து, அவசரமில்லாமல் மென்று விழுங்குவார். நான் அவருடைய அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

பல் வைத்தியரிடம் நாங்கள் திரும்பப் போகவில்லை.

நான் பதினாறு வயதில் படிப்பை விட்டேன். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் இரண்டு வருடம் இருந்ததில்லை. லில்லில் பார்சல் பிரித்தேன், ஜெனீவாவில் ஹோட்டல் கட்டில் விரித்தேன், லண்டனில் ஒரு கடையின் பின்னறையில் ஒரு குளிர்காலம் கழித்தேன். இருபத்திரண்டாவது வயதில் மார்செய்யில், பல் தீட்டும்போது இரத்தம் வருகிறது என்று ஒரு வைத்தியரிடம் போனேன். குடும்பத்தில் யாருக்காவது சீனி இருக்கிறதா என்று கேட்டார். அப்பாவுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கதிரையில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் நோகிறதா என்று கேட்டார்.

அன்று மாலை, பாரிசுக்கு வெளியே இருக்கும் திரான்சிக்குப் போன் போட்டேன். சித்தப்பா இப்போது அங்கேதான் இருக்கிறார், ஓர் அறையில், தனியாக. அந்தக் கடிதம் உங்களுடையதுதானே என்று கேட்டேன்.

"உனக்கு இப்பதான் விளங்கினதே?" என்றார். கோபம் இல்லை. "அதை விடு. உன்ர முரசை முதல் பார். பிறகெண்டு விடாதை."

அவருடைய முரசின் கதையை முடித்துவிடுகிறேன். கடிதம் வந்த வருடக் கோடையில் கீழ் முன்பற்கள் இரண்டும் விழுந்தன. வாய் நாற்றம் எங்களுக்குச் சுமை என்று நினைத்தாரோ என்னவோ, வேறு நாலு பேரோடு திரான்சியில் அறை எடுத்துப் போனார். அடுத்த வருடம் வேலைச் சப்பாத்து கடித்த காற்புண் ஆறாமல், கடையில் பெட்டிகளுக்கு நடுவில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். அங்கே ஒரு பெண் வந்து, காகிதம் இல்லாதவர்களுக்கும் மருத்துவ உதவி அட்டை உண்டு என்று சொல்லி இருபது நிமிடத்தில் படிவம் நிரப்பினாளாம். பிரான்சுக்கு வந்து மூன்று மாதம் கழிந்த நாளிலிருந்தே அது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. விலாசம் கொடுத்தால் பொலிஸ் வரும் என்று லாச்சப்பலில் எல்லோரும் சொன்னார்கள், அதனால் கேட்கவில்லை. இப்போது ஊசி போடுகிறார், கழற்றி மாட்டும் பல் வைத்திருக்கிறார். விசாவும் வந்துவிட்டது. அப்பாவுக்குப் பிரஜாவுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. அட்டை தகரத்திலிருந்து போய் வந்தது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. அறுபதை நெருங்கியும் சீனி தொடுவதில்லை. எங்கள் குடும்பத்தில் நோயில்லாதவர் அவர் ஒருவர்தான்.

இதெல்லாம் மற்றவர்கள் செய்ததும் காலம் செய்ததும். நான் செய்தது ஒன்று இருக்கிறது.

கடிதம் வந்த பிறகு அப்பா குடும்ப வைத்தியரிடம் போனார். அவர் தாளைப் பார்த்துவிட்டு, காலையும் மாலையும் போட வெள்ளைக் குளிசைகள் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் திரும்பச் சோதிப்போம் என்றார். அந்தக் குளிசை அப்பாவின் வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு மணி நேரம் குசினியில் நிற்கிற ஆள் அடிக்கடி கக்கூசுக்கு ஓட முடியாது. அதனால் அம்மா தருவதை வாயில் போட்டு, அம்மா அங்கால் திரும்பியதும் கையில் துப்பி, குசினிக் குப்பை வாளிக்குள் போடத் தொடங்கினார். தம்பிக்கு மட்டும் இதைச் சொல்லியிருந்தார். அண்ணிக்குச் சொல்லிப்போடாதே என்றும் சொல்லியிருந்தார்.

ஒரு புதன்கிழமை மதியம் நான் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வேலையால் வந்த சித்தப்பா கைகூடக் கழுவாமல் குப்பை வாளியைத் திறந்தார். முழங்கையை உள்ளே விட்டுத் தேயிலைச் சக்கைக்குள் துழாவினார். குளிசையை எடுத்துக் குழாயில் பிடித்தார். விரல் நுனியால் உருட்டி உருட்டிக் கழுவினார், கரைந்துவிடாமல். வாயில் போட்டு விழுங்கிவிட்டு, வாளியைப் பழையபடி மூடி வைத்தார். அடுத்த நாட்களிலும் பார்த்தேன். தினமும் அதைத்தான் செய்தார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. குப்பையிலிருந்து எடுத்துத் தின்னக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர்களே அவர்கள்தான். அதோடு, அப்பா குளிசை போடாமல் ஏமாற்றுகிறார், அப்பா செத்துப்போய்விடுவார் என்ற பயமும் வந்தது. அட்டையைப் பற்றித்தான் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். குளிசையைப் பற்றி யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். சித்தப்பா அப்பாவின் குளிசையைக் குப்பையிலிருந்து எடுத்துத் தின்கிறார் என்று.

அம்மா முதலில் அப்பாவைப் பார்த்தார். அது எப்படிக் குப்பைக்குப் போனது என்று கேட்டார். அப்பா சோற்றைப் பிசைந்தார். அம்மா கத்தவில்லை. நாள் முழுக்கத் தரை துடைத்துவிட்டு வந்து விடியற்காலையில் பாகற்காய் அரைக்கிறேன், யாருக்காக என்று மட்டும் கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு சித்தப்பாவிடம் திரும்பினார்.

"நீர் ஏன் தம்பி அதை எடுத்துத் திண்டனீர்?"

சித்தப்பா கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோனார். "பல்லுக்குத்துக்குக் கேக்குமோ எண்டு பாத்தனான் அண்ணி."

அம்மாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் தப்பினோம் என்று சிரித்தார்.

"பல்லுக்கும் சீனிக்கும் என்ன தம்பி சம்பந்தம்? விசரே உமக்கு?"

எனக்கு அந்தக் கேள்வியின் பதிலை ஒருவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் நெஞ்சையும் காலையும் தொட்டுச் சொல்லித் தந்திருந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவுக்கு முன்னால் நின்று, குளிசையைக் கையால் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். குப்பை வாளிக்கு ஒன்றும் போகவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அப்பாவின் இரத்தத்தில் சீனி இல்லை என்று வந்தபோது அம்மா கேசரி கிண்டினார். முதல் கோப்பை சித்தப்பாவுக்கு.

ஆனால் நான் நினைத்துக்கொண்டிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். சிரித்து முடிந்ததும், இனித் தானே பார்த்துப் பார்த்துக் குளிசை கொடுக்கப்போவதாக அம்மா சொன்னார். சித்தப்பா சாப்பிட்ட கோப்பையிலேயே கையைக் கழுவினார். கழுவிய கையைக் கொஞ்ச நேரம் துடைக்காமலே வைத்திருந்தார்.

"அதுதான் சரி அண்ணி. நிண்டு பாத்துக் குடுங்கோ. பிள்ளை நல்ல காலம் சொன்னது" என்றார்.

எழும்பிப் போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். வீட்டில் ஒருவர் என்னை மெச்சிவிட்டார் என்று நினைத்தேன். அன்று வழமையைவிட ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.